வரி, பள்ளி, பேருந்து, ஊராட்சி: மாநிலச் சட்டமன்றத்தின் கை எதுவரை நீளும்?

மாநிலச் சட்டமன்றம் கூடுகிறது என்றால் பெரும்பாலோருக்கு அது அரசியல் செய்தி. யார் என்ன கேட்டார், யார் வெளிநடப்புச் செய்தார் என்பதோடு முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி பில், தமிழ்ப்பள்ளி நிற்கும் நிலம், தோட்டத்துச் சாலையின் பள்ளம், தாமான் முகப்பில் உள்ள பேருந்து நிறுத்தம் ஆகிய நான்கிலும் மாநில அரசுக்குப் பங்கு உண்டு. எந்த அளவுக்கு என்பதில்தான் குழப்பம். ஆசிரியர் போதவில்லை என்று சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு நிலம் வேண்டும் என்று கல்வி அமைச்சுக்கு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மனுக்களும் இடம் மாறிப் போய்ச் சேருகின்றன.

அதிகாரம் எப்படிப் பிரிந்திருக்கிறது?

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன: கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், இரண்டுக்கும் பொதுவான பட்டியல். கல்வி கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. ரயில், வாகனம், கூட்டரசுச் சாலைகள் ஆகியவையும் அங்கேதான். நிலம், விவசாயம், காடு, ஊராட்சி, சந்தை, இடுகாடு, சுடுகாடு ஆகியவை மாநிலத்துக்கு உரியவை. நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடலும் உபகாரச் சம்பளமும் பொதுப் பட்டியலில் வருகின்றன. பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்களுக்கு மாநில அரசுகள் உதவி நிதி கொடுக்க முடிவது இந்த அடிப்படையில்தான்.

மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்துக்கு முரணாக இருந்தால், கூட்டரசுச் சட்டமே செல்லும் என்கிறது 75ஆவது விதி. இன்னொரு விதியும் முக்கியம். எல்லா மாநிலங்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக, நிலம், ஊராட்சி ஆகிய மாநில விவகாரங்களிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என 76ஆவது விதி அனுமதிக்கிறது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டமும், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் தீபகற்ப மாநிலங்களுக்கு அப்படி வந்தவை.

இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. சட்டம் நாடாளுமன்றத்துடையது, அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் மாநில அரசுடையது. எனவே நிலவரி விகிதம், நிலத்தின் பயன்பாட்டு மாற்றம், ஊராட்சி மன்ற உறுப்பினர் நியமனம் போன்ற முடிவுகள் பெரும்பாலும் மசோதாவாகச் சட்டமன்றத்துக்கு வருவதே இல்லை. ஆட்சிக்குழுக் கூட்டத்தில் முடிவாகி, அரசிதழில் விதியாக வெளிவந்துவிடும். சட்டமன்றத்தில் விவாதம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.

மசோதாவாக வருவதற்கு ஒரு வழிமுறை உண்டு. மூன்று வாசிப்புகளைக் கடந்து, சுல்தான் அல்லது ஆளுநரின் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வெளியான பிறகே அது சட்டமாகும். வரி விதிக்கும் மசோதாவையும் அரசுப் பணத்தைச் செலவழிக்கும் மசோதாவையும் ஆட்சிக்குழு உறுப்பினர் மட்டுமே கொண்டுவர முடியும். "நான் ஒரு மசோதா கொண்டுவந்து இந்த வரியை மாற்றுவேன்" என்று பிரச்சார மேடையில் பேசும் வேட்பாளர், ஆட்சிக்குழுவில் இடம் கிடைக்காவிட்டால் அதைச் செய்ய இயலாது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

வரி: இரண்டு பில், இரண்டு அலுவலகம்

வருமான வரி, விற்பனை சேவை வரி, வாகனச் சாலை வரி மூன்றும் கூட்டரசுக்குப் போகின்றன. மாநிலங்களின் வருமானம் அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் முதலாவதாக இருப்பது எது தெரியுமா? கள்ளுக்கடை வருமானம். தோட்டத்துப் பாட்டாளியின் சாயங்காலக் காசு மாநில வருவாய்ப் பட்டியலின் தலையில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து வருபவை நிலம், சுரங்கம், காடு. மாநிலக் கருவூலத்துக்கு உண்மையில் பலம் கொடுப்பவை இவை. கேளிக்கை வரியும் மாநிலத்துக்கே.

சாதாரணக் குடும்பத்துக்கு வருவது இரண்டு பில். முதலாவது நிலவரி, பேச்சுவழக்கில் சுக்காய் தானா. இது மாநில அரசின் வரி. நில அலுவலகம் வசூலிக்கிறது. ஜனவரி முதல் நாள் கட்ட வேண்டியதாகி, மே 31க்குள் கட்டாவிட்டால் நிலுவையாகிவிடும். தொடர்ந்து கட்டாமல் இருந்தால் நில அலுவலகம் 6ஏ பாரம் அனுப்பும். அதில் சொன்ன தொகையை மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலமே அரசாங்கத்துக்குப் போய்விடலாம். தாத்தா பெயரில் பட்டா இருந்து, வாரிசுகள் பெயர் மாற்றாமல் விட்டிருக்கும் குடும்பங்களில் இந்தக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், யாரும் பிரிக்காமலே கிடப்பதுதான் பெரிய ஆபத்து. நிலவரி விகிதத்தைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக் கூடாது என்று தேசிய நிலச் சட்டம் சொல்கிறது. அதனால் உயரும்போது ஒரே தாவலாக உயரும்; கூச்சலும் அப்போதுதான் எழும். அடுக்குமாடி வீடுகளில் தனிப்பட்டா கிடைத்தவர்களுக்குப் பல மாநிலங்களில் நிலவரிக்குப் பதிலாகச் சுக்காய் பெத்தாக் எனும் வரி வருகிறது.

இரண்டாவது மதிப்பீட்டு வரி, அதாவது சுக்காய் பிந்து. இது ஊராட்சி மன்றத்தின் வரி. ஆண்டுக்கு இரு தவணை: பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் கெடு முடியும். பெரும்பாலான மாநிலங்களில் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஜொகூரில் சொத்தின் விலைமதிப்பை வைத்து. ஒரு வீடு மாதம் 1,000 ரிங்கிட் வாடகைக்குப் போகும் என்றால் ஆண்டு மதிப்பு 12,000 ரிங்கிட். விகிதம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 480 ரிங்கிட், தவணைக்கு 240. ஆண்டு வாடகை மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டத்தின் உச்ச வரம்பு. விகிதத்தை ஊராட்சி மன்றம் நிர்ணயித்தாலும் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் விதிக்க முடியாது. ஆகவே "மன்றம்தான் ஏற்றியது, எங்களுக்குத் தெரியாது" என்று மாநில அரசு கையை விரிக்க இடமில்லை.

ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு நீட்டித்துத் தரும் காலத்தில், புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராக வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மறு ஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக அதை எழுத்துமூலம் கொடுத்திருக்க வேண்டும். மதிப்பு கூடுதலாகப் போடப்பட்டிருக்கிறது என்பது ஏற்கப்படும் காரணம். "ஓய்வு பெற்றுவிட்டேன், வருமானமில்லை" என்பது ஆட்சேபக் காரணங்களில் இல்லை. கழிவு அல்லது குறைப்பு கேட்கும் தனிக் கடிதத்தில்தான் அதை எழுத வேண்டும். பக்கத்தில் அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதற்கான சான்றை இணைத்தால் ஆட்சேபத்துக்கு வலு கிடைக்கும். மன்றத்தின் முடிவு திருப்தி தராவிட்டால் 14 நாளுக்குள் உயர்நீதிமன்றம் போகலாம். ஆனால் வரியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கோயில், இடுகாடு, பொதுப் பள்ளி, லாப நோக்கமில்லாத அறப்பணி இடங்கள் ஆகியவற்றுக்கு வரிவிலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அது தானாக வராது. கோயில் நிர்வாகம் விண்ணப்பிக்க வேண்டும்.

லயத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இந்த பில்கள் எதுவும் தெரியாது. நிலமும் வீடும் கம்பெனியுடையவை; வரியும் கம்பெனியே கட்டியது. தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த முதல் ஆண்டிலேயே மதிப்பீட்டு வரி, சுக்காய் பெத்தாக், பராமரிப்புக் கட்டணம் என்று மூன்று கடிதங்கள் வரும்போது எது யாருக்கு என்று புரியாமல் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். நிலுவை ஏறுவது அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்ப்பள்ளி: ஆசிரியர் அங்கே, மண் இங்கே

பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், பள்ளிப் பதிவு, பள்ளியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் அனுமதி எல்லாம் 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்கீழ் கல்வி அமைச்சிடம் இருக்கின்றன. மாநிலச் சட்டமன்றம் தமிழ்ப்பள்ளியை மூடவோ திறக்கவோ சட்டம் இயற்ற முடியாது. சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநில அரசுகள் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொடுக்கும் மானியம் சட்டக் கடமை அல்ல. அந்தந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வைக்கப்படும் விருப்ப ஒதுக்கீடு. ஆட்சி மாறினால் நிற்கலாம், கூடலாம், குறையலாம். அதனால்தான் ஆண்டிறுதி வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடரைத் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்கள் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பள்ளி நிற்கும் மண் மாநில விவகாரம். சிக்கலின் முடிச்சு இங்கே இருக்கிறது. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேல். இவற்றில் பல பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை: ஆசிரியர் சம்பளம் அமைச்சு தருகிறது, நிலமோ அரசாங்கத்துடையது அல்ல. தோட்டத்துப் பள்ளி என்றால் நிலம் பெரும்பாலும் தோட்டக் கம்பெனியின் பெரிய பட்டாவுக்குள் ஒரு மூலை. கம்பெனி கைமாறினால் பள்ளியின் பாதுகாப்பும் கேள்விக்குறியாகிவிடுகிறது.

அந்த மூலையைத் தனிப்பட்டாவாக்க மூன்று தரப்பு ஒத்துழைக்க வேண்டும். கம்பெனி பிரித்துத் தரச் சம்மதிக்க வேண்டும். மாநில அரசு நில அலுவலகம் வழியாகப் பிரிவினைக்கு ஒப்புதல் தந்து பட்டா வழங்க வேண்டும். நுழைவுச் சாலை, வடிகால், கட்டட வரைபடம் ஆகியவற்றுக்கு ஊராட்சி மன்றம் போக வேண்டும். பள்ளியை வேறு தாமானுக்கு மாற்றுவதானால் நான்காவதாகக் கல்வி அமைச்சும் சேரும். ஒருவர் கோப்பு நகர்ந்து மற்றவர் கோப்பு தேங்கினால் ஆண்டுகள் ஓடிவிடும். "அமைச்சர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்" என்ற செய்தி வந்து, பள்ளி மட்டும் எழாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கூட்டரசு தன் தேவைக்கு நிலம் கேட்டால் மாநிலம் கொடுக்க வேண்டும் என்று 83ஆவது விதி சொல்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியது கூட்டரசு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டால் அந்த விதி அசையாது.

இன்னும் ஒரு வாய்ப்பு பலரால் பயன்படுத்தப்படாமலே போகிறது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ கைமாற்றவோ மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் வாரியத்தின் முன் இருக்கும் காலம்தான் பள்ளி, கோயில், சுடுகாடு, குடியிருப்பு பற்றிப் பேச வேண்டிய காலம். பட்டா கைமாறிய பிறகு பேசினால் புது முதலாளியின் தயவை நம்பித்தான் இருக்க வேண்டும். தோட்டம் விற்கப்படப் போகிறது என்ற பேச்சு தோட்ட மக்கள் காதில் முதலில் விழுந்துவிடும். அந்தப் பேச்சை எழுத்தாக்கி, சட்டமன்ற உறுப்பினர் வழியாக மாநில அரசுக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல் போவதுதான் வழக்கம்.

பேருந்தும் சாலையும்

பேருந்துக்கு உரிமம் கொடுப்பது, தடம் ஒதுக்குவது, பள்ளிப் பேருந்துக்கு அனுமதி தருவது ஆகியவை 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் தீபகற்பத்தில் கூட்டரசு போக்குவரத்து அமைச்சின் அமைப்பான அப்பாட்டிடம் உள்ளன. ரயில் முழுக்கக் கூட்டரசுடையது, ஒன்றைத் தவிர: பினாங்கு மலை ரயிலை மட்டும் அரசமைப்புச் சட்டமே பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. மாநிலமும் ஊராட்சி மன்றமும் செய்யக்கூடியது பேருந்து நிறுத்தம் கட்டுவது, வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிப்பது, சிலாங்கூரில் ஓடுவது போன்ற இலவசப் பேருந்துக்குப் பணம் கொடுப்பது. அந்த இலவசப் பேருந்து எந்தத் தாமான் வழியாகப் போக வேண்டும் என்ற கோரிக்கையை ஊராட்சி மன்றத்திடம் வைக்கலாம்.

சாலையில் கூட்டரசுச் சாலை, மாநிலச் சாலை, தனியார் சாலை என்று வகை உண்டு. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. ஆனால் அந்தச் சாலை மாநிலச் சாலையாக அறிவிக்கப்பட்டு, மாரிஸ் எனப்படும் சாலைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தோட்டத்துக்குள் ஓடும் சாலை கம்பெனியின் பட்டாவுக்குள் இருப்பதால் அதில் ஏறாது. தோட்டச் சாலைக்குத் தார் போடுவோம் என்று தேர்தல் நேரத்தில் சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தச் சாலை மாரிஸ் பதிவில் இருக்கிறதா? இல்லை என்றால் முதலில் கம்பெனி நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு மாநிலம் அறிவிக்க வேண்டும். அதுவரை போடப்படும் தார் ஒருமுறை ஒதுக்கீடு. அடுத்த மழைக்குப் பிறகு திருத்த யாருக்கும் கடமை இல்லை.

நியமன உறுப்பினர்கள்

ஊராட்சி மன்றத்தில் தலைவரோடு குறைந்தது 8 பேர், அதிகம் போனால் 24 பேர் உறுப்பினர்களாக இருக்கலாம். எல்லாரையும் நியமிப்பது மாநில அரசு; ஒரு தவணை மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது, மீண்டும் நியமிக்கலாம். மக்கள் வாக்களிப்பதில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பரிலேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. கூட்டரசுத் தேர்தலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பாக. 1957இல் அது மாநகரான பிறகு, மேயர் பதவியில் அமர்ந்தவர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். இராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

மாநிலச் சட்டமன்றம் இதை மாற்ற முடியுமா? பினாங்கு முயன்றது. ஊராட்சித் தேர்தலுக்கான சட்டத்தை 2012இல் பினாங்குச் சட்டமன்றம் நிறைவேற்றியது. வழக்குக் கூட்டரசு நீதிமன்றம் சென்றது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, நாடாளுமன்றச் சட்டமே செல்லும் என 2014 ஆகஸ்டில் தீர்ப்பானது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருந்தும், ஊராட்சித் தேர்தலை மாநிலத்தால் கொண்டுவர முடியவில்லை. இனி அது வர வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். மாநிலத் தேர்தல் அறிக்கையில் யாராவது ஊராட்சித் தேர்தலை வாக்குறுதியாக எழுதினால், அதை இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வாக்கு இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. மன்றம் வேறு தீர்மானம் செய்யாதவரை அதன் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. அதைவிட முக்கியமானது உள்ளூர்த் திட்ட வரைவு, அதாவது ரஞ்சாங்கான் தெம்பத்தான். எந்த நிலம் விவசாயம், எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது பள்ளி ஒதுக்கீடு, எது இடுகாடு என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டப்படும். இறுதியாக்கும் முன் அதைப் பொதுப் பார்வைக்கு வைத்து, குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபத்துக்கு அவகாசம் தர வேண்டும் என்று 1976ஆம் ஆண்டு நகர்ப்புற, கிராமப்புறத் திட்டச் சட்டம் கூறுகிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்குத் தெரிவித்து 21 நாள் அவகாசம் தர வேண்டும்.

பால்மரக் காடாகவோ செம்பனைத் தோட்டமாகவோ இருக்கும் இடம் வீடமைப்புப் பகுதி என்று அந்த வரைபடத்தில் நிறம் மாறிவிட்டால், தோட்ட மக்களுக்கு வெளியேறும் கடிதம் வருவது காலக்கேள்வி மட்டுமே. கடிதம் வரப் பல ஆண்டுகள் ஆகலாம். நிறம் மாறுவது அந்த நான்கு வாரத்தில். கோயில் அந்தத் திட்டத்தில் கோயிலாகக் காட்டப்பட்டிருக்கிறதா, பள்ளிக்கு ஒதுக்கிய நிலம் இருக்கிறதா, சுடுகாட்டுக்குப் போகும் வழி விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கோயில் செயலாளரும் பள்ளி மேலாளர் வாரியத்தில் ஒருவரும் மன்ற அலுவலகம் சென்று வரைபடத்தைப் பார்த்து, ஆட்சேபப் பாரத்தை நிரப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்தால் போதும்.

இவை எல்லாம் தீபகற்ப மாநிலங்களுக்குப் பொருந்தும். சபா, சரவாக்கில் நிலச் சட்டமும் ஊராட்சிச் சட்டமும் தனி. கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் வாசிகளுக்குச் சட்டமன்றமே கிடையாது. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இருப்பவர் மதிப்பீட்டு வரிக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடம் போக வேண்டும். நில விவகாரத்துக்குக் கூட்டரசுப் பிரதேச நில அலுவலகம். சட்ட மாற்றம் வேண்டுமானால் நேராக நாடாளுமன்ற உறுப்பினர்.